மகமைக்குக் கணக்கு உண்டு, பிடி அரிசிக்குக் கணக்கு இல்லை

இன்றைய பதிவு கொஞ்சம் நீளம். அடுப்பில் எதுவும் இல்லாத நேரமாகப் பார்த்து உட்கார்ந்து படியுங்கள்.

போன வாரம் என் பழைய மாணவன் ஒருவன் போன் செய்தான். சிவகாசியில் ஓர் அச்சகத்தில் மேலாளராக இருக்கிறான். ஐந்தாம் வகுப்பில் வாய்ப்பாடு சொல்லச் சொன்னால் பெஞ்சுக்கு அடியில் ஒளிந்துகொண்ட பையன். இப்போது இருநூறு பேருக்குச் சம்பளக் கணக்குப் போடுகிறான்.

"டீச்சர், எங்க முதலாளி ஒரு யோசனை வச்சிருக்காங்க. வேலை பாக்குறவங்களும் அவங்க குடும்பமும் சேர்ந்து மாசம் ஒரு ஞாயித்துக்கிழமை ஊருக்கு ஏதாவது செய்யணுமாம். கண்மாய்க் கரையில மரக்கன்று வைக்கிறது, பள்ளிக்கூடத்துக்கு வெள்ளையடிக்கிறது, இந்த மாதிரி. நீங்க வந்து அவங்களை ஊக்கப்படுத்திப் பேசணும்."

நல்ல யோசனைதான். ஒன்று மட்டும் கேட்டேன். "அன்னைக்கு வருகைப் பதிவு எடுப்பீங்களா?"

"எடுக்காம எப்படி டீச்சர்? யார் வந்தா, யார் வரலைன்னு தெரியணும்ல. போட்டோவும் போடணும்."

அந்தப் பதிலைக் கேட்டதும் இந்த வாரம் முழுக்க விருதுபட்டியின் பழைய கதைகள்தான் தலைக்குள் ஓடின. அவனுக்குச் சொல்ல வேண்டியதை உங்கள் எல்லாருக்குமாக எழுதிவிடுகிறேன்.

நம் ஊருக்கு விருதுநகர் என்ற பெயர் 1923-ல்தான் வந்தது. அதற்கு முன் விருதுபட்டி. மழையை நம்பிய கரிசல் பூமி. ஆறு பேருக்கு மட்டும் உண்டு, ஆற்றில் தண்ணீர் கிடையாது. விளைச்சலை நம்பி வாழ முடியாத ஊர் வியாபாரத்தை நம்பியது. பருத்தி, மிளகாய் வற்றல், மல்லி, எண்ணெய் எல்லாம் வண்டியில் வந்து இறங்கி, வேறு ஊர்களுக்கு ஏறிப் போயின. அந்த வியாபாரத்தைக் கட்டி எழுப்பிய நாடார் சமூகத்தவர் சிவகாசி, விருதுபட்டி, அருப்புக்கோட்டை, திருமங்கலம், பாலையம்பட்டி, சாத்தங்குடி என்று ஆறு ஊர்களில் பேட்டைகள் அமைத்துத் தொழில் செய்தார்கள். கையில் பணம் வந்தாலும் மரியாதை வரவில்லை. கோயிலுக்குள் விட மறுத்தார்கள். அந்தப் பகை முற்றித்தான் 1899-ல் சிவகாசி கொள்ளை நடந்தது.

வெளியே யாரும் உதவ மாட்டார்கள் என்று தெரிந்தவர்கள் தங்களுக்குள் கண்டுபிடித்த வழிதான் மகமை. பேட்டைக்கு வருகிற சரக்கில், விற்கிற சரக்கில், இவ்வளவுக்கு இவ்வளவு என்று பொதுவுக்கு எடுத்து வைக்க வேண்டும். பெரிய வியாபாரிக்குப் பெரிய மகமை, சின்னக் கடைக்குச் சின்ன மகமை. உறவின்முறைப் பெரியவர்கள் கூடிக் கணக்குப் பார்ப்பார்கள். அந்தப் பணத்தில்தான் கிணறும் கோயிலும் சத்திரமும் பிறகு பள்ளிக்கூடங்களும் வந்தன. இதைத் தர்மம் என்று சொன்னால் சரியாக இருக்காது. கொடுத்தே ஆக வேண்டும், ஏமாற்றினால் ஊர் கேட்கும். வியாபாரக் கணக்கோடு சேர்ந்த ஒரு கணக்கு அது.

19ஆம் நூற்றாண்டின் கடைசியில் விருதுபட்டியில் சத்திரிய வித்தியாசாலை எழுந்தது. ஒரு பள்ளியை எழுப்புவதைவிட நடத்துவது கஷ்டம் என்று பள்ளியில் வேலை பார்த்த எல்லாருக்கும் தெரியும். கட்டடத்துக்கு ஒரு முறை பணம் போதும். வாத்தியாருக்கு மாதாமாதம் சம்பளம் கொடுக்க வேண்டும். அங்கேதான் மகமையோடு இன்னொன்றும் சேர்ந்தது, பிடி அரிசி.

வீட்டில் உலை வைக்கும்போது, களைவதற்கு முன்னால், ஒரு பிடி அரிசியை எடுத்துத் தனிக் கலயத்தில் போட்டுவிட வேண்டும். பள்ளிக்கூடத்துக்கான பிடி அது. வீடு வீடாக வந்து வாங்கிப் போவார்கள். சேர்ந்த அரிசியை விற்றுப் பள்ளிச் செலவுக்கு வைத்துக்கொள்வார்கள். ஊர்ப் பேச்சில் அந்தப் பள்ளிக்குப் பெயரே பிடி அரிசிப் பள்ளிக்கூடம்.

என் அம்மாச்சி விருதுநகரில் பிறந்தவர். இந்தக் கதையைச் சொல்லும்போதெல்லாம் கையை மடக்கிக் காட்டுவார். "அளவு என்ன தெரியுமா? இதுதான். பெரிய வீட்டுப் பொம்பளை கையும் இம்புட்டுத்தான், கணக்கப்பிள்ளை பொண்டாட்டி கையும் இம்புட்டுத்தான்." அதோடு நிறுத்த மாட்டார். "கலயத்துல விழுந்தப்புறம் உன் அரிசி எது, என் அரிசி எதுன்னு யாரு பிரிச்சா?" என்பார்.

சின்ன வயதில் இதை ஒரு பாட்டி கதையாகத்தான் கேட்டேன். வரலாறு சொல்லிக்கொடுக்கத் தொடங்கிய பிறகுதான் உள்ளே இருக்கிற கெட்டிக்காரத்தனம் புரிந்தது. மகமையில் முதலாளிகளின் பங்கு சரக்குக்குத் தக்கபடி கூடும், கணக்கில் ஏறும். பிடி அரிசியில் பங்கு கையளவுதான். கொடுத்தவர் யார் என்று ஊர் மேடையில் சொல்ல ஒன்றுமில்லை. மகமை கொடுத்தவர் கடையில் உட்கார்ந்த ஆண். பிடி அரிசி கொடுத்தது அடுப்படியில் நின்ற பெண். பள்ளிக்கூட வாசலையே மிதித்திராத பெண்கள் தினமும் இரண்டு வேளை அந்தப் பள்ளியை நினைத்தார்கள்.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லாமல் போனால் என் மனசு ஒப்பாது. கரிசல் காட்டில் அந்தக் காலத்தில் எல்லா வீட்டிலும் தினமும் அரிசி வேகவில்லை. கம்பங்கூழும் சோளச் சோறும்தான். தீபாவளிக்கு மட்டும் நெல்லுச்சோறு பார்த்த வீடுகள் ஏராளம். அரிசிக் கலயம் வைக்க முடிந்தவர்கள் கொஞ்சமாவது வசதிப்பட்டவர்கள் என்பதையும் மறக்கக் கூடாது.

நம் ஊரில் மட்டும்தான் இந்த வழக்கம் என்று நினைக்க வேண்டாம். திருநெல்வேலிச் சீமைக் கிறிஸ்தவ சபைகளில் கைப்பிடி அரிசிக் காணிக்கை உண்டு. எங்கோ இருக்கிற மிசோரத்தில், சமைக்கும்போது ஒரு பிடி அரிசியைச் சபைக்கு எடுத்து வைக்கும் வழக்கத்தைப் பெண்கள் 1910-ல் தொடங்கி இன்றுவரை நடத்துகிறார்கள். பிடிக்கிற கை இருக்கிற இடமெல்லாம் இந்த யோசனை தோன்றும் போலிருக்கிறது.

1903-ல் பிறந்த ஒரு பையன் அந்தப் பிடி அரிசிப் பள்ளியில் படித்தான். சிறு வயதிலேயே அப்பா குமாரசாமி இறந்துவிட்டார். அம்மா சிவகாமி கஷ்டப்பட்டு அனுப்பியும் ஆறாம் வகுப்போடு படிப்பு நின்றது. மாமாவின் துணிக்கடையில் வேலைக்குப் போனான். யார் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

அந்தப் பையன் 1954-ல் சென்னை மாகாண முதலமைச்சரானார். 1956-ல் எட்டயபுரத்தில் மதிய உணவுத் திட்டம் தொடங்கியது. அரசாங்கத்திடம் எல்லாப் பள்ளிக்கும் சோறு போடப் பணம் இல்லை. அதனால் முதலில் ஊர்க்காரர்கள் தாங்களாக அரிசி, பருப்பு, விறகு கொடுத்துத்தான் சோறு வெந்தது. 1957 நவம்பர் முதல் அரசு மானியம் வந்தது. அது வந்த முறையைக் கவனியுங்கள். ஒரு பிள்ளையின் ஒரு வேளைச் சாப்பாட்டுக்குப் பத்துப் பைசா. அப்போதுதான் நயா பைசா புழக்கத்துக்கு வந்திருந்தது. ஆறு பைசா அரசாங்கம் தரும், நாலு பைசா ஊர் தர வேண்டும்.

இந்த நாலு பைசாவை நான் எப்போதும் பிடி அரிசிக்குப் பக்கத்தில் வைத்துத்தான் பார்க்கிறேன். முழுதாக அரசாங்கமே கொடுத்திருந்தால் அது சர்க்கார் சோறு. முழுதாக ஊரே கொடுக்க வேண்டுமென்றால் ஏழை ஊரில் உலையே ஏறாது. நாலு பைசா கொடுத்ததால் ஊருக்குச் சமையலறையை எட்டிப் பார்க்க உரிமை வந்தது.

அந்த நாலு பைசாவைத் திரட்டியது யார்? எங்களுக்கு முந்தைய தலைமுறை ஆசிரியர்கள். கல்வித்துறை இயக்குநராக இருந்த நெ.து.சுந்தரவடிவேலு ஆசிரியர்களை ஊருக்குள் அனுப்பினார். 1958 முதல் பள்ளிச் சீரமைப்பு மாநாடுகள் நடந்தன. இந்தப் பள்ளிக்குக் கரும்பலகை வேண்டும், அதற்கு மேசை வேண்டும், இன்னொன்றுக்கு நிலம் வேண்டும் என்று முதலிலேயே பட்டியல் போட்டு, ஊர்க்காரர்களிடம் போய்ப் பேசி வாங்கினார்கள். சம்பளத்துக்குள் அடங்காத வேலை அது. மாலையில், விடுமுறையில் செய்தார்கள். சில ஊர்களில் சமையல்கார அம்மா வராத நாளில் ஆசிரியரின் மனைவியே வந்து கரண்டி பிடித்தார் என்று என் தலைமையாசிரியர் சொல்வார். ஊழியரும் குடும்பமும் சேர்ந்து செய்த தொண்டு என்றால் எனக்கு முதலில் நினைவுக்கு வருவது அந்த அம்மாக்கள்தான்.

நானே அந்தச் சோற்றைச் சாப்பிட்டு வளர்ந்தவள். என் காலத்தில் கேர் நிறுவனம் கொடுத்த கோதுமை ரவையும் எண்ணெயும் வந்துவிட்டன. அந்த உப்புமாவின் வாசம் இப்போதும் மூக்கில் நிற்கிறது. என் வயதுக்காரர்கள் சிரிப்பீர்கள் என்று தெரியும்.

இனி என் தவறு ஒன்றைச் சொல்கிறேன்.

1990களின் நடுவில் ஒரு சிற்றூர்ப் பள்ளியில் தலைமையாசிரியராக இருந்தேன். ஊர் பெயர் வேண்டாம். சுற்றுச்சுவர் இல்லாமல் ஆடு மாடு எல்லாம் வகுப்புக்குள் வரும். ஊரில் பணம் திரட்டலாம் என்று முடிவு செய்தோம். சீரமைப்பு மாநாட்டுக் கதைகளைப் படித்த தெம்பு எனக்கு. பள்ளி வாசலில் கரும்பலகையை வைத்து, கொடுத்தவர் பெயரும் தொகையும் எழுதினேன். ஐம்பது, இருபது, பத்து. பார்த்தவர்கள் போட்டி போட்டுக் கொடுத்தார்கள். சந்தோஷத்தில் இன்னொரு படி மேலே போனேன். காலைக் கூட்டத்தில் பிள்ளைகளை எழுப்பிவிட்டு, "உங்கள் வீட்டிலிருந்து இன்னும் வரவில்லையே" என்று கேட்டேன்.

நாலாம் வகுப்புப் பெண் பிள்ளை ஒன்று மறுநாளிலிருந்து வரவில்லை. அடுத்த திங்கட்கிழமை அதன் அம்மா வந்தார். தீப்பெட்டி ஆபீசில் கட்டை அடுக்குகிறவர். அடுக்குகிற சட்டத்துக்கு இவ்வளவு என்று கூலி. முந்தானை முடிச்சை அவிழ்த்துப் பத்து ரூபாயை எடுத்து மேசையில் வைத்தார்.

"சனிக்கிழமை கூலி வாங்குனேன் டீச்சர். எங்க பேரையும் போர்டுல எழுதிருங்க. பிள்ளை பள்ளிக்கூடம் போக மாட்டேன்னு ஒரே அழுகை."

அவர் குரலில் கோபம் இல்லை. கோபப்பட்டிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். பணம் வேண்டாம் என்றேன். "எல்லாரும் குடுத்துருக்காக, எங்களை மட்டும் வேண்டாம்னு சொல்லாதீக" என்றார். வாங்கிக்கொண்டேன். பெயரையும் எழுதினேன். அந்தப் பத்து ரூபாய் இன்றைக்கும் உறுத்துகிறது.

அன்று மாலை பலகையை அழித்துவிட்டேன். அம்மாச்சியின் கலயம் அப்போதுதான் நினைவுக்கு வந்தது. ஒரு மண் உண்டியல் வாங்கி வாசலில் வைத்தேன். உண்மையைச் சொல்கிறேன், பலகையில் வந்ததைவிட உண்டியலில் குறைவாகத்தான் வந்தது. பட்டியல் போட்டால் பணம் கூடும், அதை மறுக்க முடியாது. ஆனால் உண்டியல் வைத்த பிறகு ஒரு கொத்தனார் தானாக வந்து இரண்டு ஞாயிறு சுவர் எழுப்பிக் கொடுத்தார். நாலைந்து பெண்கள் பொழுது சாய்ந்து வேலை விட்டு வரும் வழியில் மணல் சலித்தார்கள். அந்தப் பிள்ளையின் அம்மாவும் அதில் ஒருவர். சுவர் முடிய ஒரு வருஷம் ஆனது.

தானாகச் செய்கிற வேலையைக் கட்டாயமாக்கினால் என்ன ஆகும் என்பதற்கு நம் கண்மாய்களே சாட்சி. கண்மாயில் மண் எடுத்துக் கரை கட்டுவது ஊர்க்காரர்கள் சேர்ந்து செய்த வேலை. குடிமராமத்து என்று பெயர். அதை வெள்ளைக்காரர்கள் பார்த்தார்கள். 1858-ல் சென்னை மாகாணத்தில் ஒரு சட்டம் போட்டார்கள். கட்டாய உழைப்புச் சட்டம் என்றே அதற்குப் பெயர். கரை உடையும் ஆபத்து என்றால் ஊர்க்காரர்கள் வந்து வேலை செய்ய வேண்டும், மறுத்தால் தண்டனை. சட்டம் புத்தகத்தில் இருந்தது. கண்மாயை அரசாங்கம் எடுத்துக்கொண்டது, வரியையும் எடுத்துக்கொண்டது, உழைப்பை மட்டும் ஊர்க்காரன் தலையில் வைத்தது. குடிமராமத்து தேய்ந்து போனதில் யாருக்கும் ஆச்சரியம் இருக்கக் கூடாது. 2017-ல் அதே பெயரில் அரசு மறுபடியும் திட்டம் கொண்டுவர வேண்டியிருந்தது.

சரி, சிவகாசிக்கு வருகிறேன். என் மாணவன் "வேலை பாக்குறவங்களும் அவங்க குடும்பமும்" என்று சொன்னான் இல்லையா? நம் பக்கத்தில் அந்தச் சொல்லுக்குப் பழைய அர்த்தம் ஒன்று உண்டு.

1920களில் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா போய்த் தீப்பெட்டித் தொழில் கற்று வந்தார்கள். மழை பொய்த்த பூமிக்கு அது பெரிய வரம். பட்டாசும் அச்சகமும் பின்னால் வந்தன. அவர்கள் வழியில் எத்தனையோ முதலாளிகள் பள்ளியும் கல்லூரியும் கட்டினார்கள், நன்றியோடு சொல்கிறேன். ஆனால் இந்தத் தொழில் தொடக்கத்திலிருந்தே குடும்பத்தோடு செய்த தொழில். பெட்டி ஒட்டுவது வீட்டுத் திண்ணையில். அம்மா, பாட்டி, பிள்ளைகள் எல்லாரும் பசைக் கிண்ணத்தைச் சுற்றி உட்கார்ந்திருப்பார்கள். 1980களில் நான் வேலைக்குச் சேர்ந்தபோது விடியற்காலை நாலு மணிக்கு ஊருக்குள் ஆபீஸ் பஸ் வரும். பாதித் தூக்கத்தில் பிள்ளைகள் ஏறுவார்கள். வகுப்பில் என் வருகைப் பதிவேட்டில் பாதிக் கட்டம் காலியாக இருக்கும்.

1986-ல் குழந்தைத் தொழிலாளர் சட்டம் வந்தது. தேசியக் குழந்தைத் தொழிலாளர் திட்டம் தொடங்கிய முதல் இடங்களில் சிவகாசி ஒன்று. 1996-ல் உச்ச நீதிமன்றம், சிவகாசியை வைத்துத் தொடங்கிய வழக்கில், வேலைக்கு வைத்த ஒவ்வொரு குழந்தைக்கும் முதலாளி 20,000 ரூபாய் கட்ட வேண்டும் என்று தீர்ப்புச் சொன்னது. நாங்கள் ஆசிரியர்கள் சாயங்காலம் வீடு வீடாகப் போய்ப் பிள்ளைகளைக் கேட்டோம். அறிவொளி இயக்கம் நடந்த ஆண்டுகளில் அதே திண்ணைகளில் அதே அம்மாக்களுக்கு எழுத்துச் சொல்லிக்கொடுத்தோம். பெட்டி ஒட்டிக்கொண்டே படித்தார்கள். கையை நிறுத்தினால் கூலி போய்விடும் என்பதால் கண்ணை மட்டும் எங்களுக்குக் கொடுத்தார்கள். அந்த வகுப்பு எடுத்தவர்கள் யாருக்கும் சம்பளம் கிடையாது. கல்லூரிப் பிள்ளைகள், தபால்காரர், பேங்க் ஊழியர், சத்துணவு ஆயா என்று கலந்து கிடந்த கூட்டம்.

இப்படி ஏற்கெனவே குடும்பத்தோடு உழைத்த மக்களிடம்தான் குடும்பத்தோடு வந்து இன்னும் கொஞ்சம் செய்யுங்கள் என்று கேட்கப் போகிறோம். அவர்களுக்கு ஞாயிற்றுக்கிழமை ஒன்றுதான் துணி துவைக்கவும், பிள்ளைக்கு எண்ணெய் தேய்க்கவும், சொந்தக்காரர் வீட்டுக்குப் போகவும் கிடைக்கிற நாள்.

அவர்களுக்குத் தொண்டு மனசு இல்லை என்று யாராவது சொன்னால் 2012 செப்டம்பர் 5-ஐச் சொல்வேன். ஆசிரியர் தினம் என்பதால் அந்தத் தேதி எனக்கு மறக்காது. பள்ளியில் பிள்ளைகள் பேனாவும் ரோஜாப்பூவும் கொடுத்த நாளில் முதலிப்பட்டியில் பட்டாசு ஆலை வெடித்தது. ஏறக்குறைய நாற்பது பேர் போனார்கள். செத்தவர்களில் அந்த ஆலையில் வேலை பார்க்காதவர்களும் இருந்தார்கள். புகையைப் பார்த்துவிட்டு, உள்ளே இருப்பவர்களைத் தூக்க ஓடியவர்கள். யாரும் அவர்களை ஊக்கப்படுத்திப் பேசவில்லை. பெயர் எழுதிக் கொடுத்துவிட்டும் அவர்கள் போகவில்லை. அடுத்த வெடிப்பு எப்போது வரும், எவ்வளவு தூரத்தில் நிற்க வேண்டும் என்று அவர்களுக்கு யாராவது முன்னாலேயே சொல்லிக்கொடுத்திருக்கலாம்.

என் மாணவனுக்கு மறுபடி நானே போன் செய்தேன். மூன்று விஷயம் சொன்னேன்.

முதலாளியின் பங்கு மகமை மாதிரி இருக்கட்டும். லாபத்துக்குத் தக்கபடி, கணக்கில் எழுதி, எல்லாரும் பார்க்கிற மாதிரி. பெரிய கம்பெனிகளுக்கு 2013-ன் கம்பெனிச் சட்டமே அதைத்தான் சொல்கிறது, மூன்று வருஷச் சராசரி லாபத்தில் இரண்டு சதவீதம். தன் ஊழியருக்கும் அவர் குடும்பத்துக்கும் மட்டும் செய்கிற செலவு அதில் சேராது என்றும் விதி இருக்கிறது. மகமையும் அப்படித்தான் கடைக்கு வெளியே போன பணம்.

வேலை பார்க்கிறவர் பங்கு பிடி அரிசி மாதிரி இருக்கட்டும். வருகைப் பதிவு வேண்டாம், போட்டோவில் யார் இல்லை என்று தேட வேண்டாம். ஞாயிறைக் கேட்காதே. சம்பளத்தோடு அரை நாள் விடு, வருகிறவர் வரட்டும், வராதவர் வீட்டில் தூங்கட்டும். பீஸ் ரேட்டில் வேலை பார்க்கிறவருக்கு அந்த அரை நாள் கூலியையும் கணக்குப் போட்டுக் கொடு.

மரக்கன்று நடுவதற்கு முன்னால் முதலுதவியும் தீயணைப்பும் சொல்லிக்கொடுக்க ஆள் கூப்பிடு. குடும்பத்தோடு வரச் சொல். ஊருக்கு அவசரம் என்றால் அவர்கள் எப்படியும் ஓடத்தான் போகிறார்கள்.

கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம் சொன்னான். "அரை நாள் சம்பளம் முதலாளி ஒத்துக்கிடுவாங்களான்னு தெரியலை டீச்சர். கேட்டுப் பாக்குறேன்."

"கேளு. அவரும் விருதுநகர்ப் பள்ளிக்கூடத்துல படிச்சவர்தானே" என்றேன்.

அடுத்த மாதம் இரண்டாம் சனிக்கிழமை என்னை வரச் சொல்லியிருக்கிறான். சனிக்கிழமை என்றால் வேலை நாள். அதிலேயே பாதிப் பதில் இருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

உங்களிடம் ஒரு உதவி. உங்கள் வீட்டில் பெரியவர்கள் யாராவது பிடி அரிசிக் கலயத்தைக் கண்ணால் பார்த்தவர்கள் இருந்தால் கேட்டு எழுதுங்கள். கலயம் எந்த மூலையில் இருந்தது, யார் வந்து வாங்கிப் போனார்கள், கம்பு போட்டவர்கள் உண்டா. மதுரையில் இருக்கிற சின்ன சித்திக்குத் தொண்ணூறு நெருங்குகிறது. அவரிடம் யாராவது இந்த வாரமே கேட்டுவிடுங்கள்.